பாடகர் கெஞ்சட்டும், வாத்தியங்கள் கெஞ்ச வேண்டாம்: 1970-களின் பிரேசில் சோல் காதல் பாட்டு செய்வது எப்படி

பிரேசில் இசை என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு சத்தம்தான் நினைவுக்கு வரும். கார்னிவல் ஊர்வலத்தில் அதிரும் சாம்பா ஒன்று, காபிக் கடைகளில் மெதுவாக ஓடும் போசா நோவா இன்னொன்று. இது ரெண்டிலும் சேராத ஒரு வகை 1970-ஐ ஒட்டி ரியோ டி ஜெனீரோவில் கிளம்பியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் ஊறிய ஆட்கள் அதைப் போர்ச்சுகீசிய மொழியில், தங்கள் ஊர்த் தாளத்தோடும் தங்கள் ஊர் கிட்டார் கோர்டுகளோடும் பாடினார்கள். அந்த வகையில் ஒரு காதல் பாட்டை லேப்டாப், கீபோர்டு அல்லது கிட்டார், ஒரு மைக், இவ்வளவை வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்வதற்கான வழிதான் இது. கோர்டு பிடிக்கத் தெரியும், ஏதாவது ஒரு ரெக்கார்டிங் மென்பொருள் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். இந்தப் பாட்டுகளில் சோகம், ஏக்கம், கெஞ்சல் எல்லாமே பாடுகிறவரின் பொறுப்பு. பின்னால் வாசிக்கிறவர்கள் அந்தச் சோகத்தில் பங்கு கேட்பதில்லை. அவள் போய்விட்டாள் என்று அவர் உருகிக்கொண்டிருப்பார், பேஸும் டிரம்ஸும் நல்ல வெயில் நாளில் கடற்கரைப் பக்கம் நடந்து போகிற மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். வாத்தியமும் சேர்ந்து அழ ஆரம்பித்தால் அது வேறு ஏதோ பாட்டாகிவிடும்.

கீபோர்டைத் தொடுவதற்கு முன் கேளுங்கள்

ஒரு வாரமாவது கேட்க வேண்டும், அதுவும் ஹெட்போனில். ஆரம்பிக்க வேண்டிய இடம் டிம் மாயா. 1942-இல் ரியோவின் டிஜூகா பகுதியில் பிறந்தவர், அங்கே பதின்ம வயதில் பாடகர் ராபர்ட்டோ கார்லோஸோடு ஒரே குழுவில் பாடியவர். 1959-இல் அமெரிக்கா போனார், நியூயார்க்குக்குப் பக்கத்தில் டாரிடவுன் என்ற ஊரில் தங்கினார், ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்தார், கடைசியில் கஞ்சா வழக்கில் மாட்டி நாடு கடத்தப்பட்டுத் திரும்பினார். திரும்பி வரும்போது மூட்டையில் என்ன இருந்ததோ, காதில் சோல் இருந்தது. 1970-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் 'அஸூல் டா கோர் டு மார்', 'ப்ரிமவேரா' என்று இரண்டு பாட்டு இருக்கின்றன. இந்த இரண்டையும் வரிவரியாக மனப்பாடம் ஆகும்வரை கேட்டால் பாதி வேலை முடிந்தது.

'ப்ரிமவேரா' அவர் எழுதியதில்லை. எழுதியவர்கள் காசியானோவும் சில்வியோ ரோஷாயெலும். காசியானோ வடகிழக்கில் பராயிபா மாநிலத்துக் கம்பினா கிராண்டேயில் பிறந்தவர், அடுத்துக் கேட்க வேண்டிய ஆள். டிம் மாயாவுக்குக் கனத்த, கொஞ்சம் கரகரப்பான பெருங்குரல் என்றால் காசியானோவுக்கு மேலே மிதக்கிற மெல்லிய குரல். 1976-இல் வந்த 'கியூபன் சோல்' ஆல்பத்தில் இருக்கும் 'அ லூவா இ எவ்' ஒரு தொலைக்காட்சித் தொடரின் வழியாகவும் வீடுவீடாகப் போன பாட்டு. என்னைக் கேட்டால் இந்த வகையின் உச்சம் அதுதான், டிம் மாயா ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது ஹில்டன். 1975-இல் வந்த அவருடைய ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 'நா ஹூவா, நா ஷூவா, நா ஃபஸெண்டா'. அதே ஆல்பத்தில் பிற்காலத்தில் அசிமுத் என்ற பெயரில் உலகம் சுற்றிய வாத்தியக்காரர்கள் வாசித்திருக்கிறார்கள், எலெக்ட்ரிக் பியானோவையும் பேஸையும் படிப்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நான் மேலே சொன்ன சோகப் பங்கீடு உண்மையா என்று சோதிக்க டிம் மாயாவின் 1973 ஆல்பத்தில் 'கோஸ்தாவா தாந்து ஜி வொசே' கேளுங்கள். போர்ச்சுகீசியம் தெரியாமல் கேட்டால் கல்யாண வீட்டில் ஆடுகிற பாட்டு என்று நினைப்பீர்கள். வரிகளோ விட்டுப் போனவரை நினைத்துப் புலம்புகிறவை. பிரேசிலில் இன்றைக்கும் விசேஷங்களில் கூட்டமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டே இதைப் பாடுகிறார்கள்.

கோர்டு

சி மேஜரில் வைத்துச் சொல்கிறேன், உங்கள் குரலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் மூன்று ஸ்வர கோர்டுகளை முதலில் மறந்துவிடுங்கள். சி கோர்டு என்றால் சி, ஈ, ஜி மட்டும் போதாது, மேலே ஒரு பி வேண்டும். நம் கணக்கில் ஸ, க, ப-வுக்கு மேல் சங்கராபரணத்தின் நிஷாதம். அந்த நி மேல் ஸ-வுக்கு அரை ஸ்வரம் கீழே நின்றுகொண்டு போய்ச் சேராமலே இருக்கிறது பாருங்கள், இந்தப் பாட்டுகளின் ஏக்கத்தில் முக்கால்வாசி அந்த ஒரு ஸ்வரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மைனர் கோர்டு எதுவும் தேவைப்படாமலே மனசு கனக்கும்.

வசனப் பகுதிக்கு, அதாவது பல்லவிக்கு முன்னால் வரும் வெர்ஸுக்கு, இதை வாசித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு பார்: சி மேஜர் செவன், ஏ மைனர் செவன், டி மைனர் செவன், அப்புறம் இடது கையில் ஜி வைத்துக்கொண்டு வலது கையில் எஃப் மேஜர். கடைசிக் கோர்டைக் கவனியுங்கள். சாதாரணமாக அந்த இடத்தில் ஜி செவன் வாசிப்போம், அதில் இருக்கும் பி 'வீட்டுக்குப் போகணும்' என்று பிடிவாதம் பிடிக்கும். எஃப்-ஐ ஜி-க்கு மேல் வைக்கும்போது அந்த பி இல்லாமல் போகிறது, பிடிவாதம் போய் ஒரு மிதப்பு மட்டும் மிஞ்சுகிறது. சோல், கோஸ்பல், 1970-களின் பாப் எல்லாவற்றிலும் இந்தக் கோர்டு உண்டு, ஆனால் மெதுவான பிரேசில் பாட்டில் இது ஒரு பார் முழுக்க அவசரமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

பல்லவி எஃப் மேஜர் செவனில் தொடங்கட்டும். அங்கிருந்து ஈ மைனர் செவன், டி மைனர் செவன் என்று படிப்படியாக இறங்குங்கள். இரண்டாவது முறை அதே வழியில் வரும்போது எஃப் மேஜரை எஃப் மைனராக மாற்றுங்கள். ஏ அரை ஸ்வரம் இறங்கி ஏ ஃப்ளாட் ஆகிறது, அவ்வளவுதான் மாற்றம். வானம் திடீரென்று மூடின மாதிரி இருக்கும். பாட்டு முழுவதிலும் இதை ஒரே ஓர் இடத்தில் வையுங்கள், பாடகர் சொல்ல வேண்டிய மிக முக்கியமான சொல் எதுவோ அதற்கு அடியில். நான்கு இடத்தில் வைத்தால் நாலாவது முறை யாருக்கும் எதுவும் தோன்றாது.

கடைசிப் பல்லவியை அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ மேலே தூக்கிப் பாடலாமா என்று கேட்பீர்கள். தூக்கலாம், ஆனால் வேண்டாம் என்பேன். தூக்கினால் மேடை நிகழ்ச்சி வாடை வரும்.

தாளம், பேஸ்

வேகம் நிமிடத்துக்கு 72 முதல் 84 அடி. அதைவிட வேகமாகப் போனால் ஆட்டப் பாட்டாகிவிடும், மெதுவாகப் போனால் பேஸுக்கு வேலை இல்லாமல் போகும்.

பிரேசில்காரர்கள் கையில் சோல் மாறுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாம்பாவில் சுர்டு என்று ஒரு பெரிய முரசு உண்டு, அதில் மிகக் கனத்த அடி முதல் மாத்திரையில் விழாது, இரண்டாவதில் விழும். பாரம் பின்னால் இருக்கிறது. மெதுவான பாட்டில் யாரும் சுர்டு வாசிக்கப் போவதில்லை, ஆனால் அந்தப் பாரம் மட்டும் உள்ளே இருக்க வேண்டும். அதனால் நாலு அடி கொண்ட பாரில் கிக் டிரம்மை ஒன்றில் லேசாகவும் மூன்றில் சற்று அழுத்தியும் வையுங்கள். மென்பொருளில் ஒன்றாம் அடியின் வெலாசிட்டி 85 என்றால் மூன்றாவதுக்கு 100 என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஸ்னேர் வழக்கம்போல இரண்டிலும் நான்கிலும். வசனத்தில் ஸ்னேரை முழுசாக அடிக்க வேண்டாம், குச்சியைத் தோல்மேல் படுக்க வைத்து விளிம்பில் தட்டுகிற கிராஸ்-ஸ்டிக் சத்தம் போதும். பல்லவி வரும்போது முழு ஸ்னேருக்கு மாறுங்கள். நிஜ டிரம்ஸ் என்றால் ஸ்னேர்மேல் ஒரு பழைய துண்டைப் போடுங்கள், சாம்பிள் என்றால் அதன் வாலைக் குறுக்குங்கள். பளீரென்று வெடிக்கும் ஸ்னேர் 1980-களுக்குப் போய்விடும்.

அப்புறம் ஒரு ஷேக்கர். ஒவ்வோர் அடிக்கும் நாலு தட்டு, 'த-க-தி-மி' என்று சொல்லிக்கொள்ளுங்கள். இதில் த-வும் மி-யும் அழுத்தம், நடுவில் இருக்கும் க-வும் தி-யும் பட்டும் படாமல். சாம்பாவின் ஷேக்கர் இப்படித்தான் போகும். இந்த நாலும் சரிசமமான இடைவெளியில் விழுவதுமில்லை. அதனால் தயவுசெய்து தட்டுகளைச் சரிசமமாக இழுத்து வைக்கும் குவாண்டைஸ் பொத்தானை அமுக்காதீர்கள், பாட்டு முழுக்கக் கையாலேயே ஆட்டி ரெக்கார்ட் பண்ணுங்கள். கை வலிக்கும், பரவாயில்லை. ஷேக்கர் இல்லையென்றால் மூடிய சின்ன டப்பாவில் அரிசி போட்டால் போதும். பாண்டெய்ரோ, குய்கா, அகோகோ என்று பிரேசில் தாள வாத்தியம் ஒவ்வொன்றையும் கொண்டுவந்து இறக்க ஆசை வரும், இறக்காதீர்கள். அது சுற்றுலா விளம்பரத்துக்குப் போட்ட பின்னணி இசையாகிவிடும்.

பேஸ் கிட்டார்தான் இந்தப் பாட்டின் இரண்டாவது பாடகர். ஒவ்வொரு கோர்டுக்கும் முதல் அடியில் மூல ஸ்வரத்தை அழுத்தி நீளமாகப் பிடியுங்கள். மூன்றாவது அடிக்குச் சற்று முன்னால் இரண்டு குட்டி ஸ்வரங்கள், பிறகு மூன்றில் மறுபடி இறங்குங்கள். அடுத்த கோர்டுக்குப் போகும்போது நேராகக் குதிக்காமல் அரை ஸ்வரம் கீழே இருந்தோ மேலே இருந்தோ நழுவிப் போய்ச் சேருங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பேஸ் ஒரு சின்ன வாக்கியம் பேசலாம், அவர் வாய் திறந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சத்தத்துக்கு: பிக் வேண்டாம், விரல். டோன் திருகைப் பாதிக்குமேல் குறையுங்கள். பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினால் ஸ்வரம் சீக்கிரம் அணைந்து, 'டும்' என்று உருண்டையாக வரும். கீபோர்டில் பேஸ் வாசிக்கிறவர்கள் ஸ்வர நீளத்தை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள், அதில் சோம்பல் பட்டால் உடனே தெரிந்துவிடும்.

பியானோ, கிட்டார், வயலின்

எலெக்ட்ரிக் பியானோ என்றால் ஃபெண்டர் ரோட்ஸ் சத்தம். மெதுவான ட்ரெமோலோ, கொஞ்சம் கோரஸ். பாருக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை கோர்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுங்கள். இடது கை சும்மா இருக்கட்டும், அந்த இடம் பேஸுக்குச் சொந்தம்.

கிட்டாரில்தான் பலர் வழி தவறிப் போசா நோவாவுக்குள் போய்விடுகிறார்கள். நைலான் கம்பி, நாலு விரல், முன்னும் பின்னும் தள்ளி விழும் தட்டு என்று தொடங்கினால் அது போசாதான். இங்கே எலெக்ட்ரிக் கிட்டாரைச் சுத்தமான சத்தத்தில் வைத்து, மேல் மூன்று கம்பிகளில் மட்டும் சின்னச் சின்ன இரட்டை ஸ்வரங்களாக, குரலுக்கு நடுவில் வரும் இடைவெளியில் பதில் சொல்லுங்கள். நைலான் கிட்டார் வேண்டுமென்றால் அடியில் கோர்டை மெதுவாகப் பிரித்து வாசிக்கலாம்.

வயலின் கூட்டம் முதல் வசனத்தில் வேண்டாம், இரண்டாவதில் நுழையட்டும். மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு நீள ஸ்வரம், கோர்டு மாறினாலும் அது மாறாமல் நிற்க வேண்டும். சி மேஜர் செவனில் ஒரு ஈ பிடித்தால் அடுத்து வரும் ஏ மைனர் செவனிலும் அதே ஈ பொருந்தும், டி மைனரில் அது ஒன்பதாவது ஸ்வரமாக மாறி நெஞ்சைக் கிள்ளும். பல்லவிக்குள் நுழையும்போது மட்டும் நாலைந்து ஸ்வரம் மேலே ஓடுகிற ஒரு சின்ன ஓட்டம். குரல் பாடும் மெட்டையே வயலினும் வாசிப்பது வேண்டாம், அங்கேதான் வாத்தியங்கள் கெஞ்ச ஆரம்பிக்கும். சாம்பிள் வயலின் என்றால் இரண்டு வேறு சாம்பிள் தொகுப்புகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பித்தளை ஊதல் வேண்டுமென்றால் டிராம்போன் அல்லது ஃப்ளூகல்ஹார்ன், மெதுவாக, பல்லவியில் மட்டும்.

பின்னணிக் குரல்களை விட்டுவிடாதீர்கள். மூன்று ஆண் குரல், 'ஊ', 'ஆ', எப்போதாவது பாடகரின் கடைசி இரண்டு சொல்லைத் திருப்பிச் சொல்வது. டிம் மாயா, காசியானோ இரண்டு பேருமே குரல் குழுக்களில் பாடி வந்தவர்கள், அந்தப் பழக்கம் பாட்டுகளில் அப்படியே இருக்கிறது. தனி ஆளாக இருந்தால் மூன்று பகுதியையும் நீங்களே இரண்டிரண்டு முறை பாடி இடமும் வலமுமாகப் பிரித்துப் போடுங்கள்.

வரிகளும் குரலும்

'ப்ரிமவேரா'வில் வருகிறவர் வானம் அழகாக இருக்கிறது என்கிறார், கொடுப்பதற்கு ஒரு ரோஜாவோடு வந்திருக்கிறார், மழையைப் போகச் சொல்கிறார். ஹில்டனின் பாட்டில் தெருவோ மழையோ பண்ணையோ எதுவானாலும் சரி, ஒரு கூரைக் குடிசை போதும். 'அ லூவா இ எவ்'வில் ஒரு வருஷம் ஓடிவிட்டது, அவளைப் பற்றி ஒரு பேச்சும் காதில் விழவில்லை, நிலாவும் அவனும் மட்டும். பாருங்கள், ஒன்றிலும் அவள் கண் எப்படி, நடை எப்படி என்ற வர்ணனைக்கு முதலிடம் இல்லை. தமிழில் எழுத உட்கார்ந்தால் நமக்குக் கை தானாகவே மானுக்கும் தேனுக்கும் போகும், அதை அடக்குங்கள். ஒரு பொருள், ஒரு பருவம், ஒரு கோரிக்கை, இவ்வளவு போதும். வசனத்துக்கு நாலு வரி, வரிக்கு மூன்று நாலு சொல்.

சத்தத்தைப் பொறுத்தவரை தமிழுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பிரேசில் போர்ச்சுகீசியத்தில் சொல்லின் கடைசி உயிரெழுத்து மூக்கில் போய் முடிவது அடிக்கடி நடக்கும். நம் பேச்சுத் தமிழிலும் 'வந்தான்', 'மரம்' எல்லாம் அப்படித்தான் முடிகின்றன, கடைசி மெய் முழுசாக ஒலிப்பதே இல்லை. நீளமாகப் பிடிக்க வேண்டிய ஸ்வரங்களுக்கு அந்த மாதிரிச் சொற்களாகப் பார்த்து வையுங்கள், எழுத்துத் தமிழ் உச்சரிப்பில் உதட்டை மூடி 'ம்' என்று அடைக்காமல் பேசுகிற மாதிரியே பாடுங்கள். அந்த இதமான மூக்கொலி கேட்கிறவர் காதை உடனே ரியோ பக்கம் கொண்டுபோகும்.

பாடும்போது தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருங்கள். வரியைச் சரியான இடத்தில் தொடங்க வேண்டாம், அரை நொடி காத்திருந்து தொடங்கி, கடைசிச் சொல்லில் வந்து பிடித்துக்கொள்ளுங்கள். பேஸ் அசையாமல் இருந்தால்தான் இந்தத் தாமதம் அழகாக இருக்கும், அதனால்தான் குரலுக்கு முன்பே அதைப் பற்றிச் சொன்னேன். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கீழிருந்து வழுக்கி ஸ்வரத்துக்கு ஏறுவது சரி, ஆனால் ஏறிய பின் கமகம் போட்டு ஆட்டக் கூடாது. நேராக நிறுத்துங்கள், கடைசியில் மட்டும் லேசான அதிர்வு வரட்டும். வசனத்தை மைக்குக்கு நாலு விரல் தூரத்தில் பேசுகிற சத்தத்தில் பாடுங்கள், பல்லவியில் ஒரு முழம் பின்னால் நகர்ந்து குரலைத் திறந்துவிடுங்கள். பல்லவியில் குரல் ஓர் இடத்தில் கிழிந்தால் அந்த டேக்கைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், பிட்ச் திருத்தும் மென்பொருள் பக்கமே போகாதீர்கள். டிம் மாயா பாட்டைக் குடும்பத்தில் யார் கேட்டாலும் முதலில் சொல்வது அந்தக் கரகரப்பைப் பற்றித்தான்.

(குரல், பேஸ் இரண்டையும் மட்டும் படிக்க வேண்டுமென்றால் அவர் 1970-களின் நடுவில் ஒரு மதக் குழுவில் சேர்ந்திருந்தபோது சொந்த லேபிளில் வெளியிட்ட 'ரசியோனல்' ஆல்பங்களைக் கேளுங்கள். காதல் பாட்டு தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள், முழுக்கப் பிரச்சாரம். பின்னாளில் அவரே அதைக் கைகழுவினார். வாசிப்பு மட்டும் அபாரம்.)

மிக்ஸ்

குரல் நடுவில், பேஸ் நடுவில், இரண்டுமே நீங்கள் வைக்க நினைப்பதைவிட ஒரு படி உரக்க. வயலின், பின்னணிக் குரல், கிட்டார் எல்லாம் ஓரங்களில். குரலுக்குப் பிளேட் ரிவெர்ப், சுமார் ஒன்றரை முதல் இரண்டு நொடி, தொடங்குமுன் 60 மில்லி நொடி இடைவெளி விடுங்கள், அப்போதுதான் குரல் முன்னால் நின்று பின்னால் மட்டும் கூடம் கேட்கும். மொத்தப் பாட்டுக்கும் ஒரு டேப் சாச்சுரேஷன் பிளகின் லேசாக, 12 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே மெதுவாகச் சரிய விடுங்கள். இசைத்தட்டுக் கீறல் சத்தம் சேர்ப்பது வேண்டவே வேண்டாம். அந்த ஆட்கள் பழைய பாட்டு பண்ணவில்லை, அன்றைக்குக் கிடைத்ததில் சுத்தமான சத்தத்தைத்தான் தேடினார்கள். டிம் மாயா மேடையில் பாட்டை நடுவில் விட்டுவிட்டு சவுண்ட் இன்ஜினியரிடம் பேஸ் கூட்டு, ட்ரெபிள் கூட்டு, மானிட்டர் கூட்டு என்று கத்துவது பிரேசிலில் பழமொழி மாதிரி ஆகிவிட்ட கதை.

முடிவுக்குக் கோர்டு தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கடைசிப் பல்லவியின் கோர்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், பின்னணிக் குரல்கள் ஒரே வரியைத் திருப்பிச் சொல்லட்டும், பாடகர் அதன்மேல் இஷ்டத்துக்கு அழைக்கட்டும். குறைந்தது ஒரு நிமிடம் அப்படி ரெக்கார்ட் பண்ணிவிட்டு, அவர் நன்றாகச் சூடு பிடித்துப் பாடுகிற இடத்தில் ஒலியைக் குறைக்க ஆரம்பித்து, 20 நொடியில் முழுதாக இறக்குங்கள்.